பக்கவாதத்துக்குப் பிறகு மூளைத் தூண்டலும் கைப்பயிற்சியும்: குமரி மாவட்டத்து வீடுகளில் நான் கேட்ட கேள்விகள்

கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் 14 வருடமாக வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோதெரபி செய்துவருகிறேன். கொஞ்ச காலமாக எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு. உறவுக்காரர் யாராவது ஒரு வீடியோ அனுப்பியிருப்பார். "மூளைக்குக் கரண்டு வச்சா கை வந்துருமாமே, உள்ளதா?" என்று கேட்பார்கள். முற்றத்தில் நின்றபடி பாதிப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அப்படிப் பாதி கேட்ட ஒரு குடும்பம், நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் போய் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னது. அன்றைக்கே உட்கார்ந்து முழுவதும் எழுத ஆரம்பித்தேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது ஏற்றது என்பதை ஸ்கேன் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

வாதம் வந்து கை விழுந்துட்டு. கோளாறு கையிலதானே, மூளைக்கு எதுக்கு வைத்தியம்?

கையில் ஒரு கோளாறும் இல்லை. எலும்பு, தசை, நரம்பு எல்லாம் நேற்று இருந்தது போலவே இருக்கின்றன. மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டதால், அல்லது குழாய் வெடித்ததால், கையை அசைக்க உத்தரவு போடும் பகுதியோ அந்த உத்தரவு இறங்கி வரும் பாதையோ கெட்டுப்போயிருக்கிறது. இடப்பக்க மூளை கெட்டால் வலக்கை விழும், வலப்பக்கம் கெட்டால் இடக்கை விழும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் கிடக்கிறது, வயலும் இருக்கிறது, நடுவில் சானல், அதாவது வாய்க்கால், உடைந்துவிட்டது. வயலில் நின்று எவ்வளவு கொத்தினாலும் சானலைப் பார்க்காமல் தண்ணீர் வராது.

செத்துப்போன மூளை திரும்ப முளைக்குமா?

முளைக்காது. செத்த செல் செத்ததுதான். ஆனால் அதைச் சுற்றி உயிரோடு இருக்கும் பகுதிகளும், தப்பிப் பிழைத்த சிறு பாதைகளும் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ளும். பெரிய சானல் உடைந்தாலும் கிளைச் சானல் வழியாகத் தண்ணீர் திருப்புவதில்லையா, அது மாதிரி.

இந்த மாற்றம் சும்மா படுத்திருந்தால் நடக்காது. 1996-இல் ராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு குரங்குகளின் மூளையில் கை அசைவுக்கான பகுதியில் சிறிய சேதம் உண்டாக்கிப் பார்த்தது. அந்தக் கையால் சிறு குழிகளிலிருந்து தீனி எடுக்கப் பழக்கிய குரங்குகளில், சேதத்தைச் சுற்றியிருந்த கைப்பகுதி காப்பாற்றப்பட்டது. சில குரங்குகளில் அது பக்கத்துப் பகுதிக்கும் பரவியது. பழக்காமல் விட்ட குரங்குகளிலோ, சேதமாகாமல் இருந்த பகுதியும் சுருங்கிப்போனது. "ஓய்வு எடுக்கட்டும்" என்று கையை மடியில் போட்டுவைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

மூளைத் தூண்டல்னா ஷாக் ட்ரீட்மென்டா? அம்மை பயந்து வர மாட்டேங்கா.

இல்லை. மனநோய்க்குக் கொடுக்கும் ஷாக் சிகிச்சையில் மயக்கம் கொடுத்து, வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குவார்கள். இங்கே மயக்கம் கிடையாது, வலிப்பும் வரக்கூடாது. அம்மை நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

தலைக்கு வெளியே இருந்து செய்வதில் முக்கியமானவை இரண்டு. முதலாவது காந்தத் தூண்டல், டி.எம்.எஸ். என்பார்கள். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் கூட்டாளிகளும் செய்துகாட்டியது. கம்பிச்சுருள் ஒன்றைத் தலையில் வைத்து, நொடியைவிட மிகக் குறுகிய நேரத்துக்குப் பலமான காந்தப்புலத்தை எழுப்புவார்கள். அது மண்டையோட்டைக் கடந்து போய் மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். கைப்பகுதிக்கு மேல் வைத்தால் விரல் தானாகத் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். டக் டக் என்று சத்தம் வரும், காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள்.

இரண்டாவது மெல்லிய நேர்மின்னோட்டம், டி.டி.சி.எஸ். உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். இதில் விரல் துடிக்காது. மூளைச் செல்களை இது நேராகக் கிளப்பிவிடுவதில்லை. எளிதில் கிளம்பும் நிலைக்கோ கிளம்பாத நிலைக்கோ சற்று நகர்த்தி வைக்கும். தோலில் அரிப்பும் குறுகுறுப்பும் தெரியும், அவ்வளவுதான்.

பிசியோதெரபியில கைக்கு ஒட்டி வச்சுக் கரண்டு பிடிக்காங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு. அது கையிலும் தோளிலும் உள்ள நரம்பையும் தசையையும் தூண்டுவது. பயனுள்ளதுதான், முக்கியமாக விரல்களை விரிக்கவும் தோள் இறங்காமல் காக்கவும். ஆனால் அதிலும் ஒரு விஷயம் உண்டு: மெஷின் விரலை விரிக்கும் அதே நேரத்தில் நோயாளியும் "விரி" என்று மனதால் முயல வேண்டும். டிவி பார்த்துக்கொண்டு கையை மெஷினுக்கு விட்டுவிட்டால் பாதிப் பலன் அங்கேயே போய்விடும்.

மெஷின் வச்சாப் போதுமா? பயிற்சி செய்யாண்டாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

தூண்டல் தனியாக ஒரு கையையும் திரும்பக் கொண்டுவராது. அது செய்வது, மூளையைக் கொஞ்ச நேரம் கற்றுக்கொள்ளத் தயாராக வைப்பது. ஒரு அமர்வின் விளைவு சில நிமிடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை நிற்கும். மழை பெய்து மண் இளகிக் கிடக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் நாற்று நட வேண்டும். நடாமல் விட்டால் மண் திரும்ப இறுகிவிடும், பெய்த மழைக்கு அர்த்தம் இல்லை. நாற்று என்று நான் சொல்வது பயிற்சியை: கையை நீட்டி, பிடித்து, எடுத்து, வைத்து, விடுவது. திரும்பத் திரும்ப, நோயாளி தானே முயன்று செய்வது.

ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும் மெஷினின் பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள்: "தூண்டலுக்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் பயிற்சி தொடங்கும், யார் கூட இருந்து செய்விப்பார், எவ்வளவு நேரம்?" தூண்டல் முடிந்ததும் "வீட்டுக்குப் போய்ச் செய்யுங்க" என்று அனுப்பினால், திருவனந்தபுரம் ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த நேரம் கரைந்துவிடும்.

ஒரு இடத்துல கெட்ட பக்கம் வைக்கணும்னாங்க, இன்னொரு இடத்துல நல்ல பக்கம் வைக்கணும்னாங்க. எது சரி?

இரண்டுக்கும் காரணம் உண்டு. மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டே வேலை செய்கின்றன. ஒரு பாதி பலவீனமானால் நல்ல பாதி அதை மேலும் அழுத்திவிடுகிறது என்பது பழைய கணக்கு. காந்தத் தூண்டலை நொடிக்கு 1 என்ற மெதுவான வேகத்தில் கொடுத்தால் பொதுவாக அந்த இடம் அடங்கும். நொடிக்கு 5 அல்லது அதற்கு மேல் கொடுத்தால் கிளர்ந்தெழும். அதனால் சிலர் நல்ல பக்கத்தை அடக்குகிறார்கள், சிலர் கெட்ட பக்கத்தை எழுப்புகிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சேதம் சிறிதாக இருப்பவர்களுக்கு ஓரளவு சரியாக வரலாம். சேதம் மிகப் பெரிதாக இருப்பவர்களுக்கு நல்ல பாதிதான் முட்டுக்கொடுத்து உதவிக்கொண்டிருக்கும். அதை அடக்குவது உதவிக்கு வந்தவன் கையைக் கட்டுவது போல. "எங்க ஸ்கேனைப் பார்த்து ஏன் இந்தப் பக்கம் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அப்போ ஆராய்ச்சி என்னதான் சொல்லுது? பலன் உண்டா இல்லியா?

சிறிய ஆராய்ச்சிகள் பலவற்றில் பலன் தெரிந்தது. பெரியதாகச் செய்தபோது பல தடவை ஏமாற்றம்.

2018-இல் வெளியான நிச் (NICHE) என்ற அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். வாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆன 199 பேர். ஒரு பகுதியினருக்கு நல்ல பக்க மூளையில் மெதுவான உண்மைக் காந்தத் தூண்டல், மற்றவர்களுக்குப் பெயரளவு தூண்டல், அதாவது மெஷின் வைத்தும் உண்மையில் தூண்டாதது. இரு தரப்புக்கும் 6 வாரத்தில் 18 அமர்வு, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரக் கைப்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் நன்றாக முன்னேறியிருந்தார்கள். பெயரளவு தூண்டல் பெற்றவர்களில்? 65 சதவீதம். மெல்லிய நேர்மின்னோட்டத்தை 2, 4 மில்லி ஆம்பியர் அளவுகளில், பின்னால் சொல்லப்போகும், நல்ல கையைக் கட்டும் பயிற்சியோடு சேர்த்து 129 பேரிடம் பார்த்த அமெரிக்க ஆய்விலும் உண்மைக்கும் பெயரளவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முன்பே, மண்டையோட்டைத் திறந்து மூளையுறைமேல் மின்முனை வைத்துத் தூண்டிய எவரெஸ்ட் ஆய்வும், 164 பேரிடம் செய்தது, எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். நிச் ஆய்வின் அந்த இரண்டு எண்களையும் திரும்பப் பாருங்கள். இரண்டு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் முன்னேறினார்கள். இரண்டு பக்கமும் பொதுவாக இருந்தது அந்த ஒரு மணி நேரப் பயிற்சி. எனக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி இல்லை, ஏனென்றால் அந்தப் பயிற்சியை அருமனையிலும் கருங்கலிலும் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தே கொடுக்க முடியும். தெளிவாக வென்ற பெரிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது, அது அடுத்த கேள்வியில்.

கழுத்துல மெஷின் வச்சுத் தைக்காங்களாமே, அது என்ன?

வேகஸ் நரம்புத் தூண்டல். நெஞ்சுத் தோலுக்கு அடியில் சிறு கருவியைப் பதித்து, அதிலிருந்து ஒரு கம்பியைக் கழுத்தின் இடப்பக்கம் ஓடும் வேகஸ் நரம்பில் சுற்றுவார்கள். நோயாளி கையை அசைக்கும்போது சிகிச்சையாளர் பொத்தானை அழுத்துவார். அரை நொடிக்கு நரம்பு தூண்டப்படும். அந்தத் தகவல் மூளைக்கு ஏறி, "இந்த அசைவு முக்கியம், பதித்து வை" என்று சொல்லும் வேதிப்பொருள்களை வெளியிடச் செய்கிறது. தூண்டலும் அசைவும் ஒரே கணத்தில் சேர வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 108 பேர், இரத்தக்குழாய் அடைப்பால் வாதம் வந்து 9 மாதம் முதல் 10 வருடம் ஆனவர்கள். எல்லோருக்கும் கருவி பதித்தார்கள், பாதிப் பேருக்கு மட்டும் உண்மைத் தூண்டல். 6 வாரப் பயிற்சிக்குப் பின், கை அசைவை 66-க்கு மதிப்பிடும் அளவுகோலில் உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் சராசரியாக 5 மதிப்பெண் கூடினார்கள், மற்றவர்கள் 2.4. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி கொடுத்தது. 66-க்கு 5 என்பது தம்ளரைப் பிடிக்க முடியாதவர் பிடிப்பதாக இருக்கலாம். தென்னையில் ஏறுவதாக இருக்காது. அறுவை சிகிச்சை வேண்டும், குரல் கரகரப்பு வரலாம், விலையும் மிக அதிகம். மூளையில் இரத்தம் கசிந்து வாதம் வந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

வீடியோவுல ஒரு ஆளு பத்தே நாளுல கை தூக்குதாரே, அது பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு வாதம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று வீடியோ சொல்கிறதா பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே வேகமாக மீளும். அந்த நேரத்தில் தொடங்கிய எந்த வைத்தியமும் வென்றது போலத்தான் தெரியும். மேலே சொன்ன ஆய்வுகளில் பலவற்றில் பெயரளவு தூண்டல் கொடுத்து ஒப்பிட்டதும் இதற்காகத்தான்.

காலையில பத்துத் தடவை, சாயங்காலம் பத்துத் தடவை கை தூக்குதோம். போதாதா?

போதாது. 2009-இல் வெளியான ஒரு ஆய்வில், சிகிச்சை அறைகளிலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, ஒரு அமர்வில் கைக்குச் சராசரியாக 32 தடவை பயனுள்ள அசைவுப் பயிற்சிதான் நடந்தது. விலங்குகளில் மூளை மாறியதைக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. வேகஸ் ஆய்விலும் ஒரு அமர்வுக்கு 300-க்கு மேல். நாம் பத்து எண்ணிவிட்டு "பலன் இல்லை" என்கிறோம்.

எண்ணுவதற்கு நான் வைத்திருக்கும் வழி கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை. ஒரு பாத்திரத்தில் 50 கொட்டை, பக்கத்தில் காலிப் பாத்திரம். விழுந்த கையால் ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டும். பாத்திரம் காலியானால் 50. கொட்டை வழுக்கினால் முதலில் துணி உருண்டை, பிறகு நார்த்தங்காய், பிறகு கொட்டை, கடைசியாகப் பயறு. நாளைக்கு மூன்று நான்கு தடவை, நடுவில் ஓய்வு. முதல் வாரம் 50-ஐத் தாண்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் 60 ஆகட்டும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டே இருக்காரு. அது கொள்ளாமா?

பெரும்பாலானவர்களுக்கு நான் அதை நிறுத்தச் சொல்கிறேன். விரல் மடக்குவது முதலில் வரும், விரிப்பதுதான் கஷ்டம். பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஏற்கெனவே இறுகும் தசைக்கு மேலும் வேலை. பிடிப்பதைவிட விடுவதைப் பழக வேண்டும்.

பயிற்சியை அவரவர் தொழிலிலிருந்து எடுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவருக்குச் சிரட்டை கொடுத்தேன். முதலில் காலிச் சிரட்டை, பிறகு கால்வாசித் தண்ணீர், பிறகு பாதி, சிந்தாமல் வாளியில் ஊற்ற வேண்டும். பந்து கொடுத்தபோது ஐந்து நிமிடத்தில் சலித்தவர், சிரட்டையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். அவருடைய மூளை முப்பது வருடமாக அறிந்த வேலை அது. தோவாளையில் பூக்கட்டும் அம்மாவுக்கு நாரும் பூவும், குளச்சலில் கடல்தொழில் செய்பவருக்கு வலையும் முடிச்சும். அடுப்படியிலேயே காலத்தைக் கழித்தவர்களுக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வேகவைத்ததைப் பிட்டுப் போடுவது, முருங்கைக்கீரை உருவுவது. கத்தி மட்டும் வேண்டாம், உணர்ச்சி திரும்பும் வரை.

ஒன்றைக் கவனியுங்கள். கையை நீட்டச் சொன்னால் முதுகையும் தோளையும் சாய்த்து எட்டுவார்கள். நாற்காலியோடு ஒரு துண்டால் மார்பைத் தளர்வாகக் கட்டினால் முழங்கை நீள வேண்டிவரும். தவறான அசைவை நூறு தடவை செய்தால் மூளை அந்தத் தவறைத்தான் படிக்கும்.

நல்ல கையைக் கட்டிப்போடச் சொல்லுதாங்க. பாவம் இல்லியா?

பாவம் போலத் தெரியும், ஆனால் இதற்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கிறது. எட்வர்ட் டாப் என்பவர் உருவாக்கியது. நல்ல கைக்கு உறை போட்டுவிட்டால் விழுந்த கைதான் எல்லாம் செய்தாக வேண்டும். 2006-இல் வெளியான எக்சைட் ஆய்வில் 222 பேர். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, வேலைநாள்களில் மணிக்கணக்கான பயிற்சி. பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது.

எல்லோருக்கும் ஏற்றதில்லை. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது பின்னால் நிமிர வேண்டும். தடுமாறி நடப்பவர் நல்ல கையால் கம்பு பிடிக்க வேண்டும், அவருக்கு நடக்கும்போது கட்டக்கூடாது. நம் வீடுகளில் இரண்டு மணி நேரம், உட்கார்ந்த இடத்தில், ஒரு பழைய சாக்ஸைக் கையில் மாட்டித் தொடங்கினால் போதும்.

கையில துளி அசைவும் இல்லை. எங்களுக்கு இதெல்லாம் கிடையாதா?

முதலில், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நெதர்லாந்தில் செய்த ஆய்வில், வாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரலைச் சற்று நிமிர்த்தவும் தோளிலிருந்து கையை விலக்கவும் முடிந்தவர்களில், ஆறு மாதத்தில் கை ஓரளவு பயன்படும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். 25 என்பது பூஜ்ஜியம் இல்லை. காந்தத் தூண்டலுக்கு இங்கே இன்னொரு பயன் உண்டு: ஒரு துடிப்புக் கொடுத்துக் கையில் பதில் வருகிறதா என்று பார்த்தால், சானல் முழுக்க உடைந்ததா, கிளை ஏதும் மிச்சமா என்று தெரியும்.

அசைவே இல்லாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டப்பட்ட கையில் வலி தெரிபவர்களுக்காகக் கண்டுபிடித்தது, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. மேசைமேல் நெஞ்சுக்கு நேராக ஒரு கண்ணாடியை நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறையுங்கள். நல்ல கையை அசைத்துக் கண்ணாடியில் பார்த்தால், விழுந்த கை அசைவது போலத் தெரியும். பார்த்துக்கொண்டே விழுந்த கையையும் அசைக்க முயல வேண்டும். நாளைக்கு அரை மணி நேரம். செலவு ஒரு கண்ணாடி.

வாதம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. இனி பிரயோசனம் உண்டா?

உண்டு, ஆனால் மெதுவாக. வேகஸ் ஆய்வில் பத்து வருடம் ஆனவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்று சொல்வது பழைய பேச்சு. கை பல வருடம் மடங்கி மூட்டு இறுகியிருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும்.

அப்போ ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கே தொடங்கலாமா?

முதல் நாளே பலமாக வேண்டாம். 2015-இல் வந்த ஏவர்ட் ஆய்வில், 2,104 பேரிடம், 24 மணி நேரத்துக்குள் அதிக நேரம் எழுப்பி நடத்தியவர்களுக்கு மூன்று மாதத்தில் பலன் குறைவாகவே இருந்தது. உடலைத் திருப்பி விடுவது, கையைச் சரியாக வைப்பது, மருத்துவர் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புவது போதும். அந்த நாட்களில் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள் குழியிலிருந்து இறங்கிவிடும். நான் பார்க்கும் தோள்வலிகளில் பாதி, அன்பாகத் தூக்கிவிட்டவர்களால் வந்தது.

அதற்கும் முன்னால் ஒன்று: வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். விடியட்டும் என்று காத்திருந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்.

யாருக்குத் தூண்டல் வைக்கக் கூடாது?

தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பதித்த கேட்புக் கருவி, பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் காந்தத் தூண்டல் பொதுவாகக் கிடையாது. வலிப்பு வந்தவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும், வாதத்துக்குப் பிறகு ஒரு தடவை வந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து அறுவை செய்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு போங்கள்; கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரை நேர்மின்னோட்டத்தின் விளைவைக் குறைக்கும் என்று தெரியும். அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

ஆன்லைன்ல மெஷின் விக்குது. வளைகுடாவுல இருக்கிற மோன் வாங்கி அனுப்பட்டான்னு கேக்கான்.

வேண்டாம். ஸ்பாஞ்சு காய்ந்தால் தோல் வெந்துபோகும், உணர்ச்சி குறைந்தவருக்கு அது தெரியாது. சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் வேறு பகுதிக்குப் போகும். மோன் அனுப்ப ஆசைப்பட்டால் ஆறு மாதப் பிசியோதெரபிக்கான பணத்தை அனுப்பச் சொல்லுங்கள். தினமும் பயிற்சி நேரத்தில் அம்மாவோடு வீடியோவில் இருந்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, அந்த அம்மா மகன் எண்ணினால் நூறு தாண்டுகிறார்.

வர்ம ஆசான்கிட்ட உழிச்சல் செய்யுதோம். அதோட இது சேருமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வீடு இல்லை, வருவது நியாயமும்கூட. எங்கள் வீட்டிலும் ஆசானிடம் போனவர்கள் உண்டு. மெதுவான எண்ணெய்த் தடவலால் இறுக்கம் தளர்ந்து, தூக்கம் வந்து, அதன் பிறகு பயிற்சி எளிதானால் நல்லதுதான். நான் கேட்டுக்கொள்வது மூன்று. இறங்கிய தோளை இழுத்து முறுக்க வேண்டாம். உணர்ச்சி இல்லாத கையில் சூடான கிழி வைக்கும் முன் இன்னொருவர் கையில் வைத்துச் சூடு பாருங்கள். "பத்தியம் முடியும் வரை அசையக் கூடாது" என்று சொன்னால், நூடோவின் குரங்குகளை நினைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காலுக்கும் பேச்சுக்கும் இது உண்டா?

காலுக்கான மூளைப்பகுதி இரண்டு பாதிக்கும் நடுவே ஆழத்தில் இருப்பதால் சாதாரணக் காந்தச்சுருள் எட்டுவது கஷ்டம், வேறு வடிவச் சுருள் வேண்டும். காலுக்கு நடைதான் பயிற்சி. பேச்சுக்கும் தூண்டலோடு பேச்சுப்பயிற்சி சேர்த்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் பேசிப் பழகுவதே முக்கியம்.

கை வர ஆரம்பிச்சுட்டு. பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இரண்டாவது வாதம் வந்தால் இதுவரை நட்டதெல்லாம் போகும். கருவாடு, ஊறுகாய், உப்புமாங்காயைக் குறையுங்கள்.

நகையை அடகு வச்சாவது கொண்டு போகலாமா? உள்ளதைச் சொல்லுங்க.

உள்ளதைச் சொல்கிறேன். இன்றைய ஆதாரத்தை வைத்து, நகையை அடகு வைத்துத் தலைக்கு வெளியே வைக்கும் தூண்டலுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. வசதி இருந்து, கையில் கொஞ்சம் அசைவும் இருந்து, கூடவே நல்ல பயிற்சி கொடுக்கும் இடமும் கிடைத்தால் முயன்று பாருங்கள். ஆராய்ச்சியில் சேர்க்கிறோம் என்றால் சேரலாம். அங்கே பணம் வாங்கக் கூடாது, எழுத்துப்பூர்வமான சம்மதப் படிவம் தமிழில் கொடுக்க வேண்டும். "நிச்சயம் சரியாகும்" என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடகு வைக்காமல் கிடைப்பவை: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபி வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வாரம் ஓரிரு தடவை வருபவர் செய்வது போதாது. அவரிடம் கற்றுக்கொண்டு மீதி நாட்கள் நீங்கள் செய்விக்க வேண்டும்.

அப்பா செய்ய மாட்டேங்காரு. ஏசினாலும் கேக்க மாட்டேங்காரு.

ஏச வேண்டாம். வாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளை சேதமான களைப்பும் வேறு. பத்து நிமிடத்தில் நாலு மைல் நடந்தது போல ஆகிவிடும். பயிற்சியைச் சின்னச் சின்னதாக உடைத்துக் காலையிலேயே வையுங்கள். இரவு நல்ல தூக்கம் வேண்டும், பகலில் பழகியதை மூளை தூக்கத்தில்தான் பதிக்கிறது. இடப்பக்கம் விழுந்த சிலர் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். அது பிடிவாதம் இல்லை, நோயின் பகுதி. அந்தப் பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள்.

எவ்வளவு செய்தும் கை வரல. நிறுத்திரலாமா?

ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தும் விரல் திறக்கவில்லை என்றால், நூற்றுக்கணக்கில் எண்ணுவதைக் குறைக்கலாம். அதை ஒரு வீட்டில் சொல்ல வேண்டிவந்தபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனால் கையை விட்டுவிடக் கூடாது. தினமும் விரல்களை மெதுவாக விரித்து, உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகம் வெட்டுங்கள். இறுக்கம் அதிகமானால் அதைத் தளர்த்தும் ஊசி உண்டு. அசையாத கையும் மேசைமேல் தாளைப் பிடித்துவைக்கும், தட்டு நகராமல் தாங்கும். இன்னொரு கையால் சட்டைப் பொத்தான் போடவும் சாரம் உடுக்கவும் பழக்கலாம். அதற்கு மூன்று நாலு வாரம் போதும், நான் வந்து காட்டித் தருகிறேன்.